பொ. கலாவல்லி

படிவம் முதலில் கேட்டது குடும்பப் பெயர்.
கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்.
எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது என்று
எழுத அதில் இடமில்லை.

என்னிடம் இருந்தது ஓர் எழுத்து.
பொ.
பக்கத்தில் ஒரு புள்ளி,
டப்பாவுக்கு மூடி மாதிரி.
உரிகம் பள்ளிக்கூடத்தில்
பொய் என்று விரித்தாள் ஸ்டெல்லா,
பொட்டலம் என்றான் பின்பெஞ்சில் ஒருவன்.
நான் திறந்து காட்டவில்லை.

பாஸ்போர்ட் ஆபீஸில்தான் சொன்னார்கள்:
இனிஷியல் ஆகாது, விரித்து எழுது.
அம்மா பெயர் போடலாமா என்றேன்.
போடலாம்,
எஸ்எஸ்எல்சியில் தொடங்கி எல்லாத் தாளையும்
மாற்றிக்கொண்டு வா.

விரித்தேன்.
பொன்னுரங்கம் வந்து எனக்கு முன்னால் நின்றார்,
இருபத்திரண்டு வருஷம் கழித்து,
பெரிய எழுத்துகளில்.

சுரங்கம் மூடிய வருஷம்
மாரிக்குப்பம் பாசஞ்சரில் அவர் ஏறியபோது
யாரும் பெயர் கேட்கவில்லை.
போய்ச் சேரும் முகவரி,
திரும்பும் தேதி,
அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது,
ஒன்றும் கேட்கவில்லை.
பையை ஒருவர் திறந்து பார்த்திருந்தால்
என் ஜியாமெட்ரி பாக்ஸ் கிடைத்திருக்கும்.
அதில்தான் அம்மா சீட்டுப் பணம் வைத்திருந்தாள்.

தேவனஹள்ளி. இரவு ஒன்று பத்து.
மூங்கில் கூரைக்குக் கீழே
வளைந்து வளைந்து வரிசை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி
பெயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.
பொன்னுரங்கம் யாரு, யஜமானரா?
தந்தே, என்றேன்.
ஜொதெகெ பர்தாரா?
கூட வருகிறாரா என்று
இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை.
இல்ல சார்.
முத்திரை விழுந்தது.

அப்புறம் தட்டு.
ஷூ, பெல்ட், லேப்டாப், வாட்ச்
ஒவ்வொன்றாகக் கழன்று எனக்கு முன்னே போயின.
தண்ணீர் பாட்டிலை அங்கேயே குடித்து முடித்தேன்.
பை மட்டும் உள்ளேயே நின்றது.
மெஷின் அதை இரண்டு தடவை
தின்று பார்த்துத் துப்பியது.

இது என்ன மேடம்?
வால்வு. பீன்யாவில் நாங்கள் செய்வது.
ஜெர்மனிக்குச் சாம்பிள்.
என்ன செய்யும்?
தண்ணீரை ஒரு பக்கமாகத்தான் விடும்.
திரும்ப விடாது.
கம்பெனிக் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார்.
வால்வைக் காதோரம் ஆட்டினார்.
உள்ளே நாக்கு
டக் என்றது.

திரைச்சீலைக்குள் ஒரு பெண் காவலர்
தொடாமல் என்னைத் தடவினாள்.
இடது மணிக்கட்டில் கருவி கத்தியது.
பிளேட் வைத்திருக்கிறது, ஸ்கூட்டரில் விழுந்தது.
இன்னும் வலிக்குதா, என்றாள், தமிழில்.
மழை பெய்தால்.
கீழே இறங்கு என்று கைகாட்டினாள்.
அடுத்த ஆள் மேடை ஏறிவிட்டாள்.

ஒரு ஷூவுக்கு நாடா கட்டியிருந்தேன்.
வாக்கிடாக்கியோடு ஒரு பையன்
பஸ் ஸ்டாண்டில் கூவுகிறவன் போல வந்தான்.
பொன்னு, ரங்கம்.
பொன்னு, ரங்கம்.
இரண்டாக வெட்டித்தான் வாயில் வந்தது அவனுக்கு.
ஃபிராங்ஃபர்ட் கடைசி, பொன்னு, ரங்கம்.

நிமிர்ந்து பார்த்தேன்.
இப்போது அறுபத்தெட்டு இருக்கும்.
சென்ட் கடைகளுக்கு நடுவே
இடது தோள் சாய்ந்து
ஒருவர் ஓடி வருகிறாரா என்று
ஒரு நிமிஷம், உண்மையாகவே,
பார்த்தேன்.

தள்ளுவண்டியில் ஒரு குழந்தை தூங்கியது.
யாரும் ஓடவில்லை.
பையன் மறுபடி வாயைத் திறந்தான்.
நான்தான், என்று கையைத் தூக்கினேன்,
ஆஜர் சொல்வது போல.

ஓடினேன். ஒரு நாடா தரையில் இழுபட்டது.
உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்
மிஸ் பொன்னுரங்கம், என்றாள் வாசலில் நின்றவள்.
குரலில் கோபம் இருந்தது, அது நியாயம்தான்.

கதவை மூடுமுன் ஒருவன்
தலைகளை எண்ணிக்கொண்டு வந்தான்,
உள்ளங்கையில் சின்ன மெஷின்.
முப்பத்துநான்காம் வரிசை, ஜன்னலோரம்.
என்னைப் பார்த்து ஒரே ஒரு
டக்.
அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.