வேணும், வேணாம்

தரைப்படத்தில் ஆளே இல்லை.
தூண் உண்டு, கழிவறை உண்டு,
தீயணைப்பு வாளி தொங்கும் ஆணிகூட உண்டு.
ஆம்பூர் தாண்டி, பாலாற்று மணலுக்கு
முதுகு காட்டி நிற்கும் ஷூ கம்பெனி.
முந்நூற்று முப்பது அடித் தகரக் கூரை.
மடிக்கணினியில் அதை நீட்டிப் போட்டு
பதினோரு இடத்தில் வைஃபை பெட்டி வைத்தேன்.

என்னைக் கூப்பிட்ட காரணம் ஓர் எழுத்து.
மார்கழியில் மேலாளர் முதஸ்ஸிர் பாய்
வெட்டுப் பிரிவுக்குப் போனில் சொல்லியிருக்கிறார்:
"அந்தப் பழுப்புத் தோல வெட்ட வேணாம்."
படி இறங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறார்.
மாடிப் பெட்டி கைவிட்டு
கீழ்ப் பெட்டி கைப்பிடிக்கும் முன்
விழுந்துவிட்டது கடைசித் துண்டு.
கீழே கேட்டது, "வெட்ட வே—"
ணுவா ணாவா என்று கத்தி யோசிக்காது.
இருநூற்றுப் பத்துத் தோல்.

தமிழில் மறுப்பு வாலில் இருக்கிறது.
வராது, முடியாது, சொல்லாதே, கிடையாது:
முதலில் வினை, பிறகுதான் இல்லை.
கோப்பு என்றால் தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்கும்.
படம் கொஞ்சம் சுழலும், யாரும் சாகமாட்டார்கள்.
பிந்தி வந்த எழுத்தை
சொன்னவர் வாயில் திரும்ப வைக்க முடியாது.
அதனால் குரலுக்கு முதல் வரிசை.
அதனால் ஒரு பெட்டியின் எல்லை
அடுத்ததன் மடியில் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும்.
விட்டுப் பிடிக்காதே, பிடித்துவிட்டு விடு.
இவ்வளவுதான் என் தொழில். மீதியெல்லாம் ஏணி.

ஞாயிறு அளந்தேன். ஆலை காலி.
எலக்ட்ரீஷியன் பிச்சாண்டி ஒரு முனை, நான் மறுமுனை.
வேணும் என்பான். வேணாம் என்பேன்.
பசை அறைக்குள், கழிவறைக்குள்,
அடுக்கிய அட்டைப்பெட்டிச் சுவருக்குப் பின்னால்.
ஓர் எழுத்தும் சிந்தவில்லை.
திரையெங்கும் பச்சை,
மழைக்கு மறுவாரம் ஏலகிரி ஏறினாற்போல.
வீட்டுக்குப் போகும் வழியில் ஆற்காட்டில் இறங்கி
கால் கிலோ மக்கன் பேடா வாங்கிக்கொண்டேன்.

திங்கள் எட்டரைக்குச் சங்கு.
பேரணாம்பட்டு, மாதனூர், உமராபாத் என்று
நெற்றியில் ஊர் எழுதிய பஸ்கள்
அறுநூற்றி நாற்பது பேரை இறக்கின.
உடம்பு என்பது எழுந்து நடக்கும் தண்ணீர்.
தண்ணீர் அலையைக் குடிக்கும்.
படித்த பாடம்தான். பரீட்சையோடு விட்டிருந்தேன்.
ஆறாம் வரிசையில்,
தோளோடு தோள் இடிக்க ஆட்டுத்தோல் தைக்கும் பெண்களுக்கு நடுவே
என் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சாம்பலாகி,
"வே— வே—" என்று
ஆடு மாதிரியே கத்தியது போன்.

அடையாள அட்டையில் ரேணு என்றிருந்தவள்
மிஷினை நிறுத்தாமல் கேட்டாள்:
"நாங்க இல்லாதப்போ நல்லா கேக்குதாக்கா?"
ஒரு வரிசையே சிரித்தது.

அவர்கள் போன் கேட்டருகே பூட்டிய பெட்டியில்.
வீட்டில் ஒன்றென்றால்
சூப்பர்வைசர் காதுக்கு வந்துதான் அவர்கள் காதுக்கு வரும்.
போன மாசம் ரேணுவுக்கு வந்தது,
"உன் பையன் விழு—" வரைக்கும்.
செருப்பில்லாமல் கேட்டுக்கு ஓடியிருக்கிறாள்.
விழுப்புரம் போயிருந்தானாம், சித்தப்பாவோடு.

ராத்திரி படத்தை மறுபடி திறந்தேன்.
பதினொன்று பதினான்கானது.
பெட்டியின் பலத்தைக் கூட்டவில்லை.
உரக்கக் கத்துகிறவனுக்குக் கேட்காது
சின்ன போனின் பதில்.
தாழ்வாய், நெருக்கமாய், தூணுக்குத் தூண்.
விலைப்பட்டியலில் அந்தக் கூடுதல் மூன்றுக்கு எதிரே
'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஆட்கள்.

இதோ படியடியில் நிற்கிறேன், ஏணி தோளில்.
மாடியிலிருந்து முதஸ்ஸிர் பாய் கூப்பிடுகிறார்.
"பார்த்தேம்மா. அந்த மூணு பெட்டி நமக்கு வே—"

பிச்சாண்டி என் முகத்தைப் பார்க்கிறான்.
படியில் ஷூ சத்தம்
இறங்கி வருகிறது.