புகைப்புரைச் சுவர்

மஸ்கட்டிலிருந்து ஜெபின் சொன்னான்:
டைல்ஸ் ஒட்டிரு, ரெண்டு நாள் வேலை.
குலசேகரத்தில் மழை இன்னும் இறங்கவில்லை.
நான் சுரண்டியைக் கையில் எடுத்திருந்தேன்.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட அறை
இனி எங்களுக்கு ஹால்.
அதன் அடுப்புவாய்ச் சுவரில்
பச்சை எனாமல், அதற்கடியில் நீலம்,
நீலத்துக்கடியில் சுண்ணாம்பு,
சுண்ணாம்புக்கடியில் செங்கல்லில்
யாரோ ஆணியால் கீறிய கணக்கு:
முப்பத்தெட்டு ஷீட், ஒட்டுப்பால் தனி,
மீதியைப் படிப்பதற்குள்
என் கம்பி பிரஷ் தின்றுவிட்டது.

ஆசிட் ஊற்றினால் நொடியில் வெளுக்கும் என்றார்கள்
மார்த்தாண்டத்துக் கடையில்.
ஒரு மூலையில் ஊற்றிப் பார்த்தேன்.
சீறியது. நுரைத்தது.
நுரை வடிந்தபோது
தோலுரிந்த கல்
வெந்த ஈரல் மாதிரி இருந்தது.
அந்த மூலைக்கு முன்னால்
இப்போது செருப்பு ஸ்டாண்ட் நிற்கிறது.

பிறகு ரிமூவர் கொஞ்சம், வெந்நீர்,
பழைய பல் பிரஷ்.
ஒரு நாளைக்குப் பதினோரு கல்.
இடுக்கு பூச வந்த லூக்காஸ் கொத்தனார்
சிமெண்ட் மூட்டையை இறக்கினார்.
சுண்ணாம்பு போதும் என்றேன்.
உங்க வீடு, உங்க இஷ்டம் என்று
பீடியை அணைத்துவிட்டு
மணல் சலிக்கப் போனார்.

கடைசிக் கல் சிவந்த அன்று ராத்திரி
பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வந்தது மழை.
மூன்றாம் நாள் சுவர் முழுக்க
உப்புப் பூத்திருந்தது,
பவுடர் அப்பிக்கொண்டு
ஞாயிறு ஆராதனைக்குப் புறப்பட்ட முகம்போல.
அத்தனை பெயிண்டும்
அழகுக்கு அடித்ததில்லை.

துடைத்தேன். பூத்தது.
துடைத்தேன்.
அப்பவே சொன்னேன் என்றான் ஜெபின்.

ஏழாம் நாள் துடைக்கவில்லை.
சிரட்டையும் ரப்பர் விறகும் அடுக்கித்
தீ மூட்டினேன்.
ஆனி மாத மழையில்
ஹாலுக்குள் தீ போட்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்க்க
குடையோடு வந்தாள் அடுத்த வீட்டு விஜிலா.
கிறுக்கா ஒனக்கு என்றாள்.
போனவள் திரும்பி வந்து
மகனின் ஈர யூனிபார்மை
முன்பு ஷீட் தொங்கிய கழியில் விரித்தாள்.
பின்னாலேயே ரெண்டு ஜோடி சாக்ஸும் வந்தது.

ஈரம் வாங்க வாங்க
கல்லுக்குக் கல் வேறு சிவப்பு.
மேல்வரிசையில்,
நான் பதினாறு நாள் தேய்த்த இடத்தில்,
கரி ஒரு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

ராத்திரி போனைத் திருப்பிக் காட்டினேன்.
சுத்தமாச்சா என்று கேட்டான்.
யூனிபார்ம் காஞ்சிட்டு என்றேன்.