பதினேழாம் பக்கம்

கோர்ட்டுக்கு எதிரே சோணையா ஜெராக்ஸ், என் கடை.
பட்டா, சிட்டா, வாய்தாத் தாள்,
விவாகரத்து கேட்டு ஒருவர் எழுதிய ஒன்பது பக்கம்.
எதையும் படிக்க மாட்டேன்.
ஓரம் வெட்டுப்படாமல் விழுகிறதா,
அதை மட்டும் பார்ப்பேன்.

ஹெப்சிபா மேடம் வருவது ஆறு மணிக்கு மேல்.
ரயில்வே கணக்குப் பிரிவு.
அடையாள அட்டை கழுத்திலேயே கிடக்கும்.
டிபன்பாக்ஸுக்கு அடியிலிருந்து தாள்களை உருவுவார்:
ஐந்தைந்தாய் ஓடும் கோடுகள்,
மேலும் கீழும் பென்சில் புள்ளிகள்,
சில வாலோடு,
சில வாலில் கொடியோடு.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ.
'பேர் வைக்கலையா மேடம்?'
'எண் இரண்டு. போதும்.'
'கேஸ் நம்பர் மாதிரியா?'
'அதே மாதிரிதான். எண் ஒன்று
பதினோரு வருஷமா நிலுவையில கிடக்கு.'

வாசிக்க நாலு பேர் இங்கே சேர்வதில்லையாம்.
சர்ச்சில் மூன்று பேர் இருந்தார்கள்,
செல்லோக்காரர் துபாய் போய்விட்டார்.
மார்ச் மாதம் கணக்கு முடிப்பு, ஒரு வரி நகராது.
மழை வந்தால் பொன்மேனி வீட்டு மாடி ஒழுகும்,
பீரோவுக்குள் வைத்து எழுதுவாராம்,
கதவைப் பாதி திறந்துகொண்டு.

ஒருநாள் நான் அடுக்கிய தாள்களைக் கலைத்தார்.
'பக்கம் முடியிற இடத்துல
வாசிக்கிறவர் கை சும்மா இருக்கணும்.
இல்லேன்னா யாரு புரட்டுறது?'
எட்டு வருஷம் எழுதியதில்
கை சும்மா இருக்கும் இடங்களைத் தேடி
இரவு ஒன்பதரை வரை
நானும் அவரும் தாள் வெட்டி ஒட்டினோம்.
டீ என் கணக்கு.

எஸ்தோனியாவில் வாசிக்கச் சம்மதித்தார்கள்.
அப்படி ஒரு நாடு இருப்பதை
அன்றைக்குத்தான் போனில் பார்த்தேன்.
ஸ்கேன் பண்ணி மெயிலில் அனுப்பினேன்.
எழுபத்திரண்டு பக்கம்.

அன்று காலை வில்லாபுரத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம்.
அண்ணன் தம்பிகள் வரிசையாய்க் கைநாட்டு வைத்தார்கள்.
ஈரம் காயுமுன் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
மை ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டது.
துடைக்கவில்லை. கூட்டம்.

அந்தப் பொட்டு எழுபத்திரண்டு பக்கத்திலும் விழுந்திருக்கிறது.
எல்லாவற்றிலும் ஓரத்தில், அல்லது
கோடுகளுக்கு இடையே வெறும் வெள்ளையில்.
வியோலாத் தாளில் மட்டும்,
பதினேழாம் பக்கம்,
மூன்றாம் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது.
வாலில்லை. கொடியில்லை.
சுற்றிலும் ஓய்வுக் குறிகள்.

மதுரையில் அப்போது நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம்.
பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று
சமையலறையில் போனைக் காதோடு வைத்திருந்தாராம்.
மூன்று வாத்தியமும் நின்ற இடத்தில்,
தான் எழுதாத ஒரு சுரத்தை
யாரோ ஒரு பெண் அத்தனை மெதுவாய்,
வில்லின் நுனி வரை
இழுத்துக்கொண்டே போனாளாம்.

மறுநாள் கடைக்கு வந்தார். மதியம் மூன்று மணி.
அரை நாள் லீவு.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
'மிஷினைக் காட்டுங்க முத்திருளப்பன்' என்றார்.
மூடியைத் தூக்கினேன்.
பொட்டு அங்கேயே இருந்தது, காய்ந்துபோய்.
குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.
அப்புறம் பையிலிருந்து மூலத்தாளை எடுத்து
அதே இடத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.
வால் போடவில்லை.

'ஸாரி மேடம், இனிமே துடைச்சிட்டுத்தான்...'
'துடைங்க. எண் மூணுக்குத் துடைங்க.'

'கேக்குறீங்களா?' என்று போனை நீட்டினார்.
என் காதுக்கு அது பழக்கமில்லாத சத்தம்.
எறும்புப் புற்று மாதிரி பரபரவென்று,
அப்புறம் யாரோ கதவைச் சாத்தியது மாதிரி.
விரலை உயர்த்தினார்: 'இதோ, இப்ப.'

அந்நேரம் பார்த்து
மாட்டுத்தாவணி பஸ் ஒன்று
ஆட்டோவை ஓரங்கட்டி
ஹாரனில் கை வைத்தவன்
எடுக்கவே இல்லை.

விரல் இறங்கியது.
'எப்படி?' என்றார்.
'நல்லா இருந்துச்சு மேடம்' என்றேன்.
ஒரு வக்கீல் குமாஸ்தா
மூன்று செட் கேட்டு நின்றார்.
கண்ணாடியைத் துடைத்தேன்.