மூன்றாம் காலாண்டு முன்னறிவிப்பு

அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும்.
ஒமாஹாவில், ஏழாவது மாடியில்,
என் திரையில் இரண்டு கோடுகள்:
நீலம் ரயில், சிவப்பு லாரி.
சிவப்பு எங்கே போய் முடியும் என்று சொல்வதற்கு
எனக்குச் சம்பளம்.

டீசல் விலை ஏறினால்
பெட்டிகள் தண்டவாளத்துக்கு நகரும்.
இறங்கினால் சாலைக்குத் திரும்பி வரும்.
ஆயிரம் மைலுக்கு மேல் ரயில்,
ஐந்நூறுக்குள் லாரி,
நடுவிலிருக்கும் ஐந்நூறில்தான் அத்தனை சண்டையும்.
இதைச் சொல்ல எனக்கு நாற்பது பக்கம் ஆகிறது.

டெல்மர் ஸ்லாமாவுக்கு ஒரு வரி:
"ரயிலுக்கு யாரும் காத்திருப்பது தெரியாது."

கியர்னி பக்கம், எண்பதாம் நெடுஞ்சாலையில்,
ஆற்றுக்கு அப்பால்
இருபத்தாறு வருடம் கூடவே ஓடியிருக்கிறது அது,
பெட்டிமேல் பெட்டியாக,
மொத்தத்துக்கும் இரண்டே ஆட்கள்.
எண்ணிக்கொண்டே ஓட்டுவாராம்.
நூற்றுப் பன்னிரண்டில் சாலை திரும்பிவிடும்.
"ஒவ்வொன்றும் எவனோ ஒருத்தனுடைய வாரம்" என்றார்.
அதை அறிக்கையில் சேர்த்தேன்.
மேலாளர் அடித்துவிட்டார்,
ஆதாரம் இல்லையாம்.

பிப்ரவரியில் படுக்கை வைத்த லாரியை விற்றார்,
கேட்டதில் பாதி விலைக்கு.
இப்போது ஆற்றின் அயோவாக் கரையில்,
சரக்கு முனைய வாசலில், வரிசையில் நிற்கிறார்.
ரயில் இறக்கும் பெட்டியைக்
கிடங்குவரை கொண்டுபோக வேண்டும். முப்பத்தெட்டு மைல்.
லாங் பீச்சில் கப்பல் விட்டதை ரயில் எடுக்கிறது,
ரயில் விட்டதை இவர்.
ஓடம் வண்டியில் ஏற, வண்டி ஓடத்தில் ஏற
ஒரு காலம் ஆகும் என்பார்கள்.
இந்தத் தகரப் பெட்டி
ஒரே மாதத்தில் இரண்டையும் பார்த்துவிடுகிறது.

தினமும் இரவு வீட்டில்தான்.
ஆர்லிஸுக்குத்தான் தூக்கம் வரவில்லை.
கட்டிலில் இன்னொரு மூச்சு
இத்தனை வருடத்தில் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை வயோமிங்கில் ஏதோ தடம் புரண்டது.
புதன்கிழமை நீலக்கோடு படுத்துவிட்டது.
கீரை ஏற்றியவர்கள் எல்லோரும் லாரி கேட்டார்கள்.
மைலுக்கு மூன்றே கால் டாலர் என்று
பழைய தரகன் டெல்மரைக் கூப்பிட்டானாம்.
"எந்த லாரியில்?" என்று கேட்டாராம் இவர்.
பிறகு என்னைக் கூப்பிட்டார்.
கோபம் இல்லை குரலில்.
"உன் கோட்டில் இது இருந்ததா?"

இல்லை.
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
நிலவரம் கலவையாக இருக்கும்.
கலவை என்றால் என்ன என்று
இதுவரை ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

மாலை அவரைப் பார்க்கப் போனேன்.
இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்துவைத்து,
வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்ட ரயிலை
எண்ணிக்கொண்டிருந்தார்.
பேசாதே என்று கையைத் தூக்கினார்.
நூற்றுப் பன்னிரண்டு தாண்டிவிட்டது.
நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.