எட்டு

"குழந்தைகள் என்றால் கொள்ளைப் பிரியமா?"
என்றுதான் கேட்பார்கள் என்று
பேருந்திலேயே பதிலைப் பழகிக்கொண்டு போனேன்.
காப்பகத்தை நடத்தும் மிரேயா கேட்டது வேறு.
"இடுப்பு எப்படி, வலி உண்டா?
பக்கத்து அறையில் இருமினால் விழிப்பாயா?
எட்டு வரை எண்ணத் தெரியுமா?"

சிரித்துவிட்டேன்.
பதினோரு வருடமாகிறது,
இன்னும் எண்ணி முடியவில்லை.

புன்டா அரேனாசில் எல்லோருக்கும் முன்னால் காற்று எழுந்துவிடும்.
நவம்பரில் தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பெரியவர்கள் பிடித்து நடக்க.
எங்களிடமும் ஒன்று இருக்கிறது,
எட்டு வளையம், வளையத்துக்கு ஒரு கை.
சிவப்பு வளையத்துக்கு மட்டும் தினமும் சண்டை.

ஏழரைக்கு முதல் ஆள் துசான்.
அப்பா நண்டுப் படகில்,
கரை ஏறி மூன்று வாரம்.
கோட்டைக் கழற்ற விடமாட்டான்.
கழற்றினால் வீடு கிடையாது என்பது அவன் சட்டம்.
நான் ஒரே ஒரு பொத்தானைக் கடன் கேட்பேன்.
பத்து மணிக்குள் ஐந்தும் என் வசம்.

இங்கே எங்களை 'தியா' என்பார்கள், அத்தை என்று அர்த்தம்.
கூடப் பிறந்தவர் யாருமில்லை எனக்கு.
மீன்கடையில், வங்கி வரிசையில்,
மீசை முளைத்த யாரோ ஒருவன் திரும்பி
"தியா யாஸ்னா!" என்கிறான்.
அவன் முகம் நினைவில்லை.
அவனுக்குப் பீட்ரூட் ஆகாது, அது நினைவிருக்கிறது.

பதிவேட்டில் எழுத வேண்டும்:
பருப்பு, அரைத் தட்டு. மலம், இளகல்.
இடது முன்கையில் கடி, பதினொன்று இருபது, தோல் கிழியவில்லை.
கடித்தது யார் என்று எழுதக் கூடாது.
மாலையில் அம்மா அதைத்தான் கேட்பாள்.
அவள் முதுகுக்குப் பின்னால்
கடித்தவளும் கடிபட்டவளும்
ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார்கள்.

குளோரின் தண்ணீரில் விரலிடுக்கு வெடித்திருக்கிறது.
துறைமுகத்தில் பெட்டி அடுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு
என்னைவிட இரண்டு மடங்கு கூலி.
பெட்டிகள் தூங்க மறுப்பதில்லை, பாவம்,
அவருக்கு அது தெரியாது.

அன்று எரிவாயு மணி அடித்தது.
ஒத்திகையா நிஜமா, யாரும் சொல்லவில்லை.
கயிற்றை எடுத்தேன். வாசலில் எண்ணினேன்.
கம்பளித் தொப்பிகள் எட்டு.
எதிரே இருந்த தேவாலயச் சுவர் வரை
எட்டு எட்டாக வைத்து, காற்றில் சாய்ந்து சாய்ந்து கடந்தோம்.

சுவரோரம் மறுபடி எண்ணினேன்.
ஏழு.
இன்னொரு முறை. ஏழு.
எட்டாவது தொப்பி ரெனாத்தோவின் இடுப்பில் இருந்தது,
அம்பாரோவின் மஞ்சள் தொப்பி,
பஞ்சுக் கரடியின் தலையில்.

மிரேயாவின் கையில் கயிற்றைத் திணித்துவிட்டு
எப்படிச் சாலையைத் தாண்டினேன், தெரியாது.
அவள் கோட்டுகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்,
வெறுந்தலையோடு, பொறுமையாக,
தனக்கு வேறு தொப்பி தேடிக்கொண்டு.
"கரடிக்குக் குளிரும்ல," என்றாள்.

நான்கு நிமிடம் என்று எழுதினேன்.
மூன்று என்று எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.
தலைகளை எண்ணவில்லை, தொப்பிகளை எண்ணினேன்,
அதையும் எழுதினேன்.
அவள் அப்பா படித்தார்.
இரண்டாம் தடவையும் படித்தார்.
பேனாவை மூடாமல் வெகுநேரம் நின்றார்.
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:
"கரடி எப்படி இருக்கிறது?"
கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றிலிருந்து மூக்கைத் தொட்டு எண்ணுகிறேன்.
எட்டு மூக்கு. எட்டும் ஒழுகும்.

ஒன்பது மணிக்கும் இருட்டாத மாலை.
காற்று என் பையைப் பிடுங்கப் பார்க்கிறது.
தெருமுனைக் கயிற்றைப் பிடித்து நடக்கிறேன்.
முன்னால் ஐந்து பேர், பின்னால் இரண்டு பேர்,
யாரையும் தெரியாது.
என்னைச் சேர்த்தால் எட்டு.

சேர்த்துப் பழக்கமில்லை.
ஏழு என்று நினைத்து
ஒரு கணம் நின்று
திரும்பிப் பார்க்கிறேன்.