தாங்குதிறன்

காரங்காட்டில் காலை ஏழு மணிக்கே
ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள்
கொடியில் தொங்குகின்றன,
நேற்று வந்தவர்களின் வியர்வை
இன்னும் காயாமல்.

என் கையில் ஒரு டேப்.
அதில் இரண்டு பத்தி கொண்ட அட்டவணை.
இடப்பக்கம் பின்லாந்தில் ஏதோ ஒரு ஏரி.
அது எப்போதோ நிரம்பிவிட்டது:
நாளொன்றுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது பேர்,
தலைக்கு இத்தனை சதுர மீட்டர் அமைதி.
வலப்பக்கம் காலி.
வளரும் நாடு என்று தலைப்பு மட்டும்.

இந்த ஊர் எத்தனை பேரைத் தாங்கும்?
கேட்டுக்கொண்டு போவதுதான் என் வேலை.
நாற்பது படிவம். நாளுக்கு எழுநூறு ரூபாய்.
பஸ் செலவு தனி.

சந்தியாகு இஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னார்:
எட்டுப் பேர்.
ஒன்பதாவது ஆள் மந்திரி மகனே ஆனாலும்
எடுக்க மாட்டேன்.
அலையாத்தி வேர்கள் மூச்சு வாங்க
சேற்றுக்கு மேலே விரல் நீட்டியிருந்தன.
மூன்றாவது படகு உள்ளே வந்தால்
பூநாரை மொத்தமும் எழுந்து
தொண்டிப் பக்கம் போயிருமாம்.
"அதுக்கு உங்க பாரத்துல எடம் இருக்கா?"
குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அறுபது எழுத்துக்கு மேல் வாங்காது.

சமையல் கொட்டகையில் ஜெபமாலை
நண்டை உடைத்துக்கொண்டே கணக்குப் போட்டாள்.
ஆளுக்கு ரெண்டு நண்டு.
ஞாயித்துக்கிழமை நூத்தியிருவது ஆளு.
அன்னைக்கு எங்க வீட்டுல ரசம்.
குறையாகச் சொல்லவில்லை, சிரித்தாள்.
மகளின் நர்சிங் படிப்புக்கு
இரண்டாம் தவணை கட்டியதும் அந்தக் காசில்தான்.
"இன்னும் நெறைய வரச் சொல்லுங்க.
வரும்போது கக்கூஸையும்
கொண்டாரச் சொல்லுங்க."

நல்ல தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
மதுரைக் குடும்பம் ஒன்று
சேற்றுக் காலைக் கழுவி முடிக்க ஒன்பது குடம்.
வாசலில் நின்று எண்ணியவள் ரெஜினா.
அவளை நான் பேட்டி எடுக்கவில்லை.
அவள் நாற்பத்தோராவது ஆள்.

மாலையில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
சூத்திரம் எளிதாம்:
மொத்தப் பரப்பை ஓர் ஆளின் இடத்தால் வகு,
ஒரு நாளின் சுற்றுகளால் பெருக்கு.
எந்தப் பரப்பு?
கடல் ஏறினால் ஒன்று, வத்தினால் இன்னொன்று.
சராசரி போடு என்றார்கள்.

காலியாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்கவில்லை.
கடைசி பஸ் ஹாரன் அடித்தது.
எட்டு என்று அழுத்தினேன்.
பச்சை நிறத்தில், சரி என்றது.

ஆறு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது.
நன்றிப் பட்டியலில் என் பெயர், எழுத்துப் பிழையோடு.
ஆயிரத்து நூற்று நாற்பதுக்கு எதிரே
என்னுடைய எட்டு.
கீழே பொடி எழுத்தில்:
உள்ளூர் மக்களிடம் விழிப்புணர்வு குறைவு.

படம் எடுத்துச் சந்தியாகுவுக்கு அனுப்பினேன்.
வாட்ஸப்பில் குரலாகப் பதில் வந்தது:
"எட்டுன்னு சரியாத்தான போட்டுருக்காக.
ஆனா அந்த ஏரியில ஆயிரத்து நூத்தி நாப்பதா?
பாவம்யா. அங்க பறவை ஒண்ணும் இல்லையா?"

பின்னால் இஞ்சின் சத்தம்.
இரண்டாவது படகா, மூன்றாவதா,
கேட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை.