எதிர் வசனம்

எங்கள் அறையில் கட்டில் ஆறு.
ஜன்னலோரத்து மேல்தட்டு ஜெனோவாவுடையது.
அதற்கு ஐம்பது திர்ஹாம் கூடுதல்,
வெளிச்சத்துக்காக.

ஷார்ஜா, ரோல்லாவின் பின்சந்து, மூன்றாம் மாடி.
பகலில் அவள் பல் மருத்துவமனை வரவேற்பறையில்
உட்காருங்கள் என்று நான்கு மொழியில் சொல்கிறவள்.
ராத்திரிக்கு நடிகை.

நடித்து அனுப்பு என்று
சென்னையிலிருந்து இரண்டு பக்கம் வரும்.
அங்கே மணி பத்து, இங்கே எட்டரை.
மரிவிக் மீன்சட்டியை இறக்கி அடுப்பை அணைப்பாள்.
ஏசியை நிறுத்துவோம்,
இரைச்சல் வசனத்தில் விழுமாம்.
ஆகஸ்ட் மாதத்தில் ஆறு பெண்கள்
ஒருத்தி அழுது முடிக்கும்வரை
வியர்த்து வழிய அசையாமல் நிற்போம்.

கேமராவுக்கு இந்தப் பக்கம் நான்.
ஹைப்பர்மார்க்கெட்டில் மீன் நிறுக்கும் கையில்
தாளைப் பிடித்துக்கொண்டு
கணவனாக இருந்திருக்கிறேன்,
மாமியாராக, இன்ஸ்பெக்டராக,
ஒருமுறை கடத்தல்காரனாகவும்.
"உணர்ச்சி போடாதக்கா, சும்மா படி" என்பாள்.
படிப்பேன்,
கிலோ பதினெட்டு, சுத்தம் செய்ய இரண்டு
என்கிற அதே குரலில்.

முதலில் பணம் அனுப்பும் கம்பெனிக்கு விளம்பரம்.
அல் கூஸ் கிடங்கொன்றுக்குள்
பிளாஸ்டிக் துளசியோடு ஒரு முற்றம் போட்டு
ஊரில் காத்திருக்கும் மனைவியாக
இங்கே இருப்பவளைச் சிரிக்கவைத்தார்கள்.
எண்ணூறு. பாதி இடையாளுக்கு.
பிறகு பாலைவனத்தில் ஒரு பாட்டு;
தோழிகளில் நான்காவது.
காற்றாடி கிளப்பிய மணலில் அவள் தெரியவில்லை,
நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்து
ஒரு முழங்கையைக் கண்டுபிடித்தோம்.

போன மாதம் சீரியல் குழு வந்து இறங்கியது.
நாயகனின் துபாய் வீட்டில்
பாத்திரம் கழுவுகிற பெண், மூன்று எபிசோட்.
பல்வலி என்று விடுப்புக் கேட்டாளாம்,
பல் டாக்டரிடமே.

இடைவேளையில், கஃபடேரியாவில்,
கரக் டீ கோப்பையில் போனைச் சாய்த்துப் பார்த்தேன்.
அவளுக்கு ஊரிலிருந்து சாவுச்செய்தி வருகிற காட்சி.
தாளில் ஆறு "ஐயோ" இருந்தது எனக்குத் தெரியும்,
நான்தானே எதிரில் படித்தேன்.

ஒரு ஐயோவும் வரவில்லை.
ரப்பர் கையுறையைக் கழற்றினாள்,
ஒவ்வொரு விரலாக.
இரண்டாக மடித்தாள்.
"எத்தனை மணிக்கு?" என்றாள்.

அப்பா போன அன்று
மீன் கவுன்ட்டரில் நான் செய்தது அது.
யாரிடமும் சொன்னதில்லை,
ஒரே ஒரு ராத்திரி, இருட்டில்,
கீழ்க்கட்டிலிலிருந்து மேல்கட்டிலுக்கு.
பதில் இல்லை.
தூங்கிவிட்டாள் என்று போர்த்திக்கொண்டேன்.

கடைப்பையன் எட்டிப் பார்த்து
"சூப்பரா பண்றாங்கல்ல" என்றான்.
டீ ஆடை கட்டியிருந்தது.
ஆமாம் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா,
நினைவில்லை.
டைட்டிலில் பெயரை ஜெனீவா என்று போட்டிருந்தார்கள்.

வீட்டில் அதைப் பற்றி அவள் எடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
நேற்று மறுபடி இரண்டு பக்கம், இந்தமுறை சினிமாவுக்கு.
அவள் சாட்சிக்கூண்டில், நான் வக்கீல்.
ஏசியை நிறுத்தினோம்.
சும்மாதான் படித்தேன், கிலோ பதினெட்டு குரலில்:
"அன்றைக்கு ராத்திரி நீ தூங்கவில்லை.
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாய்.
உண்மையா, இல்லையா?"

அவள் கேமராவைப் பார்க்கவேண்டிய இடம்.
என்னைப் பார்த்தாள்.

யாரும் கட் சொல்லவில்லை.
சட்டியில் மரிவிக்கின் மீன்
பாதி வெந்து கிடந்தது.